ஒரு நாளில் உடல் எரிக்கும் கலோரி

நாள் முழுவதும் அசையாமல் படுத்துக் கிடந்தாலும், வளர்ந்த ஒருவரின் உடல் பெரும்பாலும் ஆயிரம் கலோரிக்கு மேல் எரித்துவிடும். இதயம் துடிக்க, மூச்சு ஓட, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்ட, உடற்சூடு தணியாமல் இருக்க ஆகும் செலவு இது. உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை மட்டும் இதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அன்றாடச் செலவில் 60 முதல் 70 சதவீதம் இந்த ஓய்வுநிலைச் செலவுதான். உண்டதைச் செரிக்க ஏறக்குறைய 10 சதவீதம் ஆகும். மிச்சம் உடலுழைப்புக்கு.

ஓய்வுநிலைச் செலவைக் கணக்கிட 1990-ல் வெளிவந்த மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்று பரவலாகப் பயன்படுகிறது. எடையை (கிலோவில்) 10-ஆலும், உயரத்தை (செ.மீ.யில்) 6.25-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும்; அதிலிருந்து வயதின் 5 மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆண்களுக்கு 5-ஐக் கூட்டவும், பெண்களுக்கு 161-ஐக் கழிக்கவும் வேண்டும். 40 வயது, 60 கிலோ, 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு விடை சுமார் 1,208 கலோரி. அமெரிக்கர்களை அளந்து உருவாக்கிய சூத்திரம் இது. அதே எடையில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் உள்ளவர்களுக்கு இது சற்று மிகையாகக் காட்டக்கூடும். இந்தியர்களில் அத்தகைய உடல்வாகு அதிகம்.

இந்த எண்ணை உழைப்புக்கேற்ற ஒரு காரணியால் பெருக்கினால் நாள் முழுவதற்குமான செலவு கிடைக்கும். உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2, லேசான உழைப்புக்கு 1.375, நடுத்தர உழைப்புக்கு 1.55. கணக்கு தடம் புரள்வது பெரும்பாலும் இங்கேதான். அதே பெண்ணுக்கு 1.2 என்று கொண்டால் 1,449 கலோரி, 1.55 என்று கொண்டால் 1,872. இரண்டுக்கும் இடையே 423 கலோரி, அதாவது ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவு வித்தியாசம்! உழைப்பு எவ்வளவு மாற்றும் என்பதை ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையும் காட்டுகிறது: 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்த வேலையென்றால் 2,110 கலோரி, கடும் உழைப்பென்றால் 3,470.

நடைப்பயிற்சியின் கணக்கிலும் ஒரு மிகை ஒளிந்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 105 கலோரி செலவாகும். அந்த அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே 30 கலோரி போயிருக்கும். ஆகவே நடையால் கூடியது 75 மட்டும். கைக்கடிகாரக் கருவிகளையும் முழுதாக நம்ப முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை நாடித்துடிப்பை நன்றாகவே அளந்தன. கலோரி கணக்கிலோ, மிகச் சிறந்த கருவிகூட சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

உண்மைக்கு மிக நெருங்கிய அளவீடு ஆய்வகத்தில் உண்டு. சாதாரண ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விடக் கனமான அணுக்கள் கொண்ட நீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்திலிருந்து கரியமில வாயுவின் அளவும், அதிலிருந்து எரிந்த கலோரியும் தெரியவரும். செலவு அதிகம் என்பதால் இது ஆய்வுகளோடு நின்றுவிடுகிறது.

வீட்டில் அதற்கு ஈடாக இருப்பவை எடை பார்க்கும் கருவியும் ஒரு நோட்டுப் புத்தகமும். உண்பதையெல்லாம், தாளிக்கும் எண்ணெய், காபியில் போடும் சர்க்கரை உட்பட, விடாமல் எழுதி, காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துவர வேண்டும். உணவைக் குறைத்த முதல் வாரத்தில் இறங்குவது பெரும்பாலும் நீர். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிறகு வரும் நான்கு வாரங்களில் எடை மாறவில்லையென்றால், உண்டதும் எரித்ததும் சமம். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. மேலே சொன்ன பெண் நாளுக்கு 1,600 கலோரி உண்டு அந்த 28 நாட்களில் ஒரு கிலோ குறைந்திருந்தால், தினமும் 275 கலோரி உடலின் இருப்பிலிருந்து போயிருக்கிறது. அவரது அன்றாடச் செலவு சுமார் 1,875. அவருக்கு உரிய காரணி 1.55.