கடற்புல்லின் இலையில் படியும் பாசி: நாம் ஏன் கவனிக்க வேண்டும்?

வடக்கின் கடல்வளம் பற்றிப் பேசும்போது இழுவைப் படகுகளைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். அது நியாயமானது. அந்த மடிகள் கடலடியை வாரிச் செல்லும்போது கடற்புல்லையும் வேரோடு பிடுங்குகின்றன. இலங்கையில் 2017 இல் இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்பும் பாக்கு நீரிணையில் அந்தப் பிரச்சினை தீரவில்லை. ஆனால் அதே கடற்புல்லைச் சத்தமில்லாமல் அழிக்கக்கூடிய இன்னொன்று அதன் இலையிலேயே வாழ்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கடற்புல் பாசி இனமல்ல. நெல்லைப் போல வேரும் இலையும் பூவும் உள்ள தாவரம். யாழ் கடல்நீரேரியிலும் மன்னார்க் கடலிலும் ஆழங்குறைந்த இடங்களில் படுக்கைகளாக வளர்கிறது. இறால், நண்டு, ஓரா போன்றவற்றின் குஞ்சுகள் அதற்குள் ஒளிந்தே பெரிதாகின்றன. கரையோரத்தில் சிறுதொழில் செய்யும் குடும்பங்களின் வருமானம் இந்தப் புல்லில் தங்கியிருக்கிறது.

புதிதாக முளைக்கும் இலை நெடுநாள் வெறுமையாக இருப்பதில்லை. முதலில் பற்றீரியாக்கள் ஒட்டி வழுவழுப்பான படலமொன்றை உண்டாக்குகின்றன. பின்னர் நுண்ணிய அல்காக்களும் இழைப்பாசிகளும் அதில் குடியேறுகின்றன. இது நோயல்ல. இவற்றுட் சில பற்றீரியாக்கள் நைதரசனைப் பதித்துத் தருகின்றன. நத்தைகளும் சிற்றிறால்களும் படலத்தைச் சுரண்டித் தின்கின்றன. பழைய இலைகளை உதிர்த்துப் புதியவற்றை விடுவதன் மூலம் தாவரமும் சுமையைக் குறைத்துக்கொள்கிறது.

நீரில் நைதரசனும் பொசுபரசும் கூடும்போதே இந்தச் சமநிலை குலைகிறது. இவை கூடினால் கடற்புல்லைவிட அல்காக்களே வேகமாக வளரும். படலம் தடிக்க, இலைக்குப் போகவேண்டிய ஒளி மறைக்கப்படுகிறது. கடற்புற்களுக்கு நீர்மட்டத்தில் விழும் ஒளியில் சராசரியாக 11 சதவீதமாவது தேவை. பல அல்காக்களோ அதைவிட மிகக் குறைந்த ஒளியிலும் வாழும். பகலில் தாவரத்துக்கு வேண்டிய காபனையும் படலமே முந்திக்கொண்டு எடுக்கிறது. இரவில் ஒட்சிசனை எடுக்கிறது. அப்போது வேருக்கு ஒட்சிசன் எட்டாமற்போக, சேற்றிலுள்ள நச்சுத்தன்மையான சல்பைட்டு வேருக்குள் புகுகிறது.

நன்னீரிலும் இதுவே நடக்கிறது. இங்கிலாந்தின் நோர்போக் ஏரிகளில் நீர்த்தாவரங்கள் மறைந்ததை ஆராய்ந்த பிலிப்ஸ், எமின்சன், மொஸ் ஆகியோர் 1978 இல் ஒரு விளக்கம் தந்தார்கள். தாவரங்களை முதலில் நலிவடையச் செய்தவை இலைமேல் வளர்ந்த அல்காக்களே. நீர் பச்சையாகியது அதன் பின்னர்தான் என்றார்கள். அதாவது, நீர் தெளிவாகத் தெரியும் காலத்திலேயே கேடு தொடங்கிவிடலாம்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யூரியாவும் அகப்பட்டிருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தடை நீங்கியபின் பசளை தாராளமாகக் கிடைத்தது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பது அறியப்பட்டதே. சுண்ணக்கல் நிலத்தில் அது கிணற்றோடு நின்றுவிடாது. நிலத்தடி நீரோடு கடலையும் சேரும். மலக்குழிகளின் கசிவும் அப்படியே.

தோட்டக்காரரைக் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. பெருமழைக்கு முன் பசளை எறிந்தால் அவருடைய காசும் சேர்ந்தே கரைந்து போகிறது. பயிருக்கு வேண்டிய அளவைப் பிரித்துப் பிரித்து இடுவது கிணற்றையும் கடலையும் காக்கும். சிறுகண் வலைகளைத் தவிர்த்தால் படலத்தைத் தின்னும் உயிர்களும் தப்பும்.

கடற்றொழிலாளர் செய்யக்கூடிய எளிய சோதனையொன்றும் உண்டு. முழங்காலளவு நீரில் ஓர் இலையை விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். மெல்லிய வழுக்கல் இயல்பானது. ஆண்டுக்காண்டு அது தடித்துக்கொண்டே வந்து இலையின் பச்சை தெரியாமற்போனால், அதைச் சங்கத்தில் சொல்லிப் பதிந்து வையுங்கள். இழுவைப் படகு வந்தால் எல்லோருக்கும் தெரியும். இது இலையைத் தொட்டுப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும்.