நாலு வயதுக்கு ஒரு நிஜமான வேலை

சென்னையில் அடுக்ககத்தில் வளரும் ஒரு நாலு வயதுக் குழந்தை ஒரு நாளில் செய்யும் காரியங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். எழுத்து எழுதுகிறது. படத்துக்கு வண்ணம் தீட்டுகிறது. கட்டைகளை அடுக்கிக் கலைக்கிறது. பாட்டுக்கு ஆடுகிறது. இவற்றில் எதைச் செய்யாமல் விட்டாலும் அந்த வீட்டில் ஒன்றும் நின்றுபோகாது. அதன் உழைப்பை நம்பி யாரும் இல்லை. இரண்டு தலைமுறைக்கு முன்னால் இதே வயதில் அதன் பாட்டி சாயங்காலம் கோழியைக் கூட்டில் அடைத்திருப்பாள், முற்றத்தில் காயும் வடகத்தைக் காக்காய் கொத்தாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் காலத்தை நான் கொண்டாட வரவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வேலை வாங்கிய காலமும் அதுதான். ஆனால் 'நீ செய்தால்தான் இது ஆகும்' என்று ஒரு குழந்தையிடம் சொல்ல அன்றைக்கு வீட்டில் ஏதோ ஒன்று இருந்தது. இன்றைய நகரத்து வீட்டில் அப்படி ஒன்றை உண்டாக்க எனக்குத் தெரிந்த எளிய வழி, மொட்டை மாடியில் நாலைந்து செடிப் பைகள்.

மாடித் தோட்டம் தமிழகத்துக்குப் புதிதல்ல. தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்த்து மானிய விலையில் 'நீங்களே செய்து பாருங்கள்' தளைகளைக் கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு நூற்றுக்கணக்கான மாடிகள் பச்சையாகின. ஆனால் மாடித் தோட்டம் பற்றிக் கிடைக்கும் யோசனைகளெல்லாம் ஒரு பெரியவர் நிதானமாக, தனியாக, இரண்டு கைகளாலும் வேலை செய்வார் என்று நினைத்துச் சொல்லப்படுபவை. இடுப்பில் ஒன்றும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமாக மாடியேறுகிறவர்களுக்குக் கணக்கே வேறு.

1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்த குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் ஆண்டுக்கணக்கில் இங்கேயே தங்கினார். அடையாற்றிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதற்கு வெகுகாலம் முன்பே அவர் ஒன்றை எழுதியிருந்தார்: தான் தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடிவிடும் என்று குழந்தைக்குப் புரிகிற நாளில், யாரும் சொல்லாமலே அது கவனமாக நடந்துகொள்ள ஆரம்பிக்கிறது என்பது அதன் சாரம். குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் கொடுக்காதீர்கள், அதன் கைக்கு அடங்குகிற நிஜமான கருவியைக் கொடுங்கள் என்பதும் அவர் விடாமல் சொன்னது. இது தோட்டத்துக்கு அப்படியே பொருந்தும். பிளாஸ்டிக் மண்வெட்டி இரண்டாம் நாளே வளைந்துவிடும். ஒரு சின்னக் கரண்டி, அரை லிட்டர் சொம்பு, இரண்டும் போதும். பெரிய பூவாளியில் அஞ்சு லிட்டர் பிடித்தால் அஞ்சு கிலோ. குழந்தையால் தூக்க முடியாது, நாம்தான் தூக்குவோம். அப்புறம் அது நம் வேலையாகிவிடும்.

எத்தனை பை என்று கேட்பவர்களுக்கு என் பதில்: உங்கள் ஆசையில் பாதி. அதிலும் பாதி. இருபது லிட்டர் பை ஒன்று நனைந்தால் மண்ணின் அளவைப் பொறுத்து இருபது இருபத்தைந்து கிலோகூட வரும். செம்மண்ணைக் குறைத்து நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் கூட்டிக்கொண்டால் எடை குறையும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றிப் பிழிந்துவிடுங்கள், அதிலுள்ள உப்பு போகட்டும். பிழிகிற வேலை முழுக்கக் குழந்தைகளுக்கு. சட்டை பாழாகும், பரவாயில்லை.

அடுத்து ஒரு விஷயம். தளத்துக்குப் பாரம் ஏறக்கூடாது என்பதற்காகப் பைகளை நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக, உத்தரத்துக்கு மேலாக வரிசை கட்டச் சொல்வார்கள். கட்டடத்துக்கு அது சரியான யோசனைதான். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது ஆபத்து. கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம். அதையொட்டி ஒன்றரை அடி உயரப் பை இருந்தால், பை மேல் ஏறி நிற்கும் குழந்தைக்குச் சுவர் ஒன்றரை அடிதான். ஆகவே கைப்பிடிச் சுவர் ஓரத்தைக் காலியாக விடுங்கள். மாடிப்படி அறையின் சுவர், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் சுவர் இவற்றை ஒட்டி வையுங்கள். கீழே உத்தரமும் இருக்கும், பக்கத்தில் ஏறி எட்டிப் பார்க்க விளிம்பும் இருக்காது. பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் மாடிக் கதவு திறக்கவே கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விதியில் மட்டும் நான் இம்மியும் இறங்கி வரமாட்டேன்.

விதையைக் குழந்தையின் விரலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தக்காளி விதையும் கத்தரி விதையும் பிஞ்சு விரல்களுக்குச் சிக்காது. நாற்றுவிட்டு, பிடுங்கி நட்டு, காய் பார்க்க மூன்று மாதம் போய்விடும். காராமணி, வெண்டை, அவரை, பூசணி போல எண்ணி எண்ணி ஊன்றக்கூடிய விதைகள்தான் முதலில். காராமணி நாலைந்து நாளில் மண்ணை முட்டித் திறந்துகொண்டு வளைந்த முதுகோடு எழும். அந்தக் காலையில் வீட்டில் ஒரே கூச்சலாக இருக்கும். இதற்கிடையில் பொறுமை போகாமலிருக்க வெந்தயம். இரவு ஊறவைத்துத் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளை, மூன்று வாரத்தில் சப்பாத்திக்கோ பருப்புக்கோ கீரை. அரைக்கீரை, சிறுகீரை விதைகள் தூசி மாதிரி இருக்கும். மணலோடு கலந்து குழந்தையின் உள்ளங்கையில் கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டாது. மிளகாய்ச் செடியைக் கொஞ்சம் தள்ளி, எட்டாத உயரத்தில் வையுங்கள். பறித்த கையால் கண்ணைத் தேய்த்துவிட்டால் அன்றோடு தோட்டம் வேண்டாம் என்று அழும்.

ஆனால் குழந்தையிடம் நிஜமான வேலையை ஒப்படைக்கப் பூசணியைப் போல் ஒன்று கிடையாது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பூசணிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதலில் சில நாளைக்கு ஆண் பூக்களே பூத்து விழும். நீளக் காம்பு, நடுவே மஞ்சள் தூள் ஒட்டிய தண்டு. பிறகு ஒருநாள் குட்டைக் காம்பில், மொட்டுக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சோடு ஒரு பூ வரும். அதுதான் பெண் பூ. விடியும்போது விரிந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். நாலாவது ஐந்தாவது மாடிக்குத் தேனீக்கள் வருவது குறைவு. வராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அதனால் காலை எட்டு மணிக்குள் ஒருவர் போய், ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, அந்தத் தூள் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். இதற்கு வேண்டியது பலமோ படிப்போ அல்ல, சின்ன விரலும் சீக்கிரம் விழிக்கும் பழக்கமும்தான். இரண்டுமே குழந்தையிடம் ஏராளம். எங்கள் வீட்டில் சின்னவளுக்கு இந்த வேலை. பள்ளிக்கூட நாளில் எழுப்ப முடியாதவள், பூ விரியும் பருவத்தில் "அப்பா, இன்னிக்குப் பொண்ணு பூ வந்திருக்குமா?" என்று என்னை எழுப்புவாள். தடவிய பூவின் பிஞ்சு மூன்று நான்கு நாளில் தெரிகிற மாதிரி பருக்கும். தடவாமல் விட்டது உதிரும். இரண்டையும் அவளே பார்க்கிறாள். தன் கை பட்டால் ஒன்று நடக்கிறது, படாவிட்டால் நடக்கவில்லை என்று எந்த வீட்டுப்பாடமும் அவளுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

புடலங்கொடி வைத்தால் இதற்கு நேர் எதிர். ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூக்கள் இரவில் விரியும். அந்திப்பூச்சிகளுக்காகப் பூப்பவை அவை. சாப்பாட்டுக்குப் பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவதைவிடப் பெரிய சந்தோஷம் நாலு வயதில் எதுவும் இல்லை.

எலுமிச்சைக் கன்று ஒன்று வையுங்கள், எலுமிச்சம்பழத்துக்காக அல்ல. அதிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. புழு சின்னதாக இருக்கும்போது பார்த்தால் குருவி எச்சம் போலவே இருக்கும். அதுதான் அதற்குப் பாதுகாப்பு. பிறகு தோலுரித்துப் பச்சையாகும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், ஒரு நெடி வரும். சின்னக் கன்றாக இருந்தால் இலையை ஒன்று விடாமல் தின்றுவிடும் என்பது உண்மை. தின்னட்டும். ஒரு செடியைப் புழுவுக்கென்று விட்டுக்கொடுக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, பூச்சி என்றாலே மருந்து அடிப்பது என்ற பழக்கம் வராது. அந்த ஒரு பழக்கம் வராமல் இருப்பதற்காகவே இதைச் செய்யலாம்.

மருந்தைப் பற்றிப் பேசும்போது வேப்பெண்ணெயைச் சொல்லாமல் விடக்கூடாது. மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் அதைச் சோப்புத் தண்ணீரோடு கலந்து தெளிப்பது நல்ல முறைதான், நானும் தெளிக்கிறேன். ஆனால் இயற்கைப் பொருள்தானே என்று பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வேப்பெண்ணெயைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அழகுக்காக அரளி வைக்கும் வழக்கமும் வேண்டாம். பூ, இலை, விதை எல்லாமே விஷம். மஞ்சள் அரளியின் கொட்டை இன்னும் மோசம். எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயது தாண்டும்வரை ஊமத்தைக்கும் குன்றிமணிக்கும்கூட மாடியில் இடமில்லை. பச்சைச் சாணத்தைக் குழந்தையின் கையில் கொடுக்காமல், நன்றாக மக்கிய உரத்தை மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததும் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காலில் செருப்பு வேண்டும். 1 வயது முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

பைகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகள்தான் பலரும் கவனிக்காதவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, தெளிந்து தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது; முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நார் போட்டுத் தேய்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

யார் தேய்ப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. குழந்தைகள் சின்னதாக இருக்கும் வீட்டில் அம்மாவின் நாள் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. அப்பாவோ தாத்தாவோ ஆசைப்பட்டுப் பை வாங்கி வருவார். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். மூன்றாம் வாரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவது அம்மாவாக இருப்பாள். இப்படித் தொடங்கும் தோட்டத்தைத் தொடங்காமலே இருக்கலாம். வாங்கி வருகிறவர்தான் தினமும் குழந்தைகளை மாடிக்கு அழைத்துப் போக வேண்டும், அந்த அரைமணி நேரம் அம்மா கீழே தனியாக ஒரு காபி குடிக்க வேண்டும். இதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிட்டு விதை வாங்கப் போங்கள்.

தானே வளர்த்த கீரையைக் குழந்தை விழுந்து விழுந்து சாப்பிடும் என்று சொல்வார்கள். அப்படி உறுதியெல்லாம் கிடையாது. சிலது பெருமையோடு பறித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தட்டில் போட்டால் ஒதுக்கி வைக்கும். ஆனால் வாயில் ஒரு துணுக்கு வைத்துப் பார்க்கச் சம்மதிக்கிறது. அந்தத் துணுக்கே பெரிது. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ல் எடுத்த கணக்கின்படி, தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, சுமார் 57 சதவீதத்துக்கு, ரத்தசோகை. நாலைந்து பைக் கீரை இதைத் தீர்த்துவிடாது. அதற்கு மருத்துவரும் இரும்புச்சத்து மருந்தும் வேண்டும். ஆனால் கீரை என்பது ஒதுக்கி வைக்க வேண்டிய ஒன்று என்ற எண்ணம் மூன்று வயதில் வேரூன்றாமல் இருந்தால், பிறகு வேலை சுலபம். பருப்போடு மசித்த கீரையில் கொஞ்சம் எலுமிச்சை பிழியுங்கள். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி கீரையின் இரும்பை உடலில் சேரவைக்கும், பிள்ளைகளுக்கும் அந்தச் சுவை பிடிக்கும்.

எப்போது தொடங்குவது என்றால், சென்னைக்கு ஆடிதான். ஆடிப்பட்டத்தில் வெண்டை, பூசணி, காராமணி, அவரை. நாட்டு அவரைக்கு அவசரம் கிடையாது. பகல் குறுகிக் குளிர் வந்தால்தான் பூக்கும், அதுவரை கொடி மட்டும் பந்தலை நிறைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை அழுகும். அந்த இரண்டு மாதம் பையின் அடித்துளை அடைபடாமல் பார்ப்பதே போதும். தை பிறந்ததும் கீரைகளைத் திரும்ப விதைக்கலாம். சித்திரைக்குள் எல்லாவற்றையும் அறுவடை செய்து முடித்துவிடுங்கள். முழுப்பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஆச்சி வீட்டுக்குப் போய்விடுவார்கள்; அக்னி நட்சத்திரத்தில் நிழல்வலை கட்டி, இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி, யாரும் பார்க்காத செடியைக் காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை. மண்ணைத் தரையில் பரப்பி வெயிலில் காய விடுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் மக்கிய உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மறுபடி பையில் நிரப்பலாம். ஊரிலிருந்து கிளம்பும்போது ஆச்சியிடம் நாட்டு விதை கேட்டு வாங்கி வரும் பொறுப்பு பிள்ளைகளுடையது. சாம்பலில் புரட்டிக் காயவைத்த அவரை விதையோ, சாணத்தில் பொதிந்து சுவரில் அப்பிவைத்த பூசணி விதையோ, அங்கே எந்த வீட்டில் இருக்கிறது என்று ஆச்சிக்குத் தெரியும்.