பாடலாத்ரி நரசிம்மர் குன்று, சிங்கப்பெருமாள் கோவில்

இக்குன்றில் இருப்பது பல்லவர் காலக் குடைவரைக் கோயில். கருவறை, குன்றின் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. முன்மண்டபங்களும் கோபுரமும் பிற்காலத்தவை. மூலவர் உக்கிர நரசிம்மரின் நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. அர்ச்சகர் திருமண்காப்பை விலக்கித் தீபம் காட்டும்போது கூர்ந்து பாருங்கள், கணநேரம்தான் தெரியும்.

கருவறையை வலம் வர, குன்றையே சுற்ற வேண்டும். குன்றின் பின்புறம் அழிஞ்சில் மரம் நிற்கிறது. திருமணமும் பிள்ளைப்பேறும் வேண்டிப் பக்தர்கள் அங்கே வழிபடுகின்றனர்.

ஊரின் பெயர் இக்கோயிலால் வந்தது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியே பாலாற்றைக் கடக்கும் ஜி.எஸ்.டி. சாலையில் ஊர் உள்ளது. ஒரகடம் சாலை பிரிவதும் இங்கேதான். ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் நாள் முழுதும் இவ்வழியே ஓடுகின்றன.