சிதைவும் இழப்பும்: சிங்கப்பூர்ப் பாதுகாப்புப் பகுதிகளில் புறக்கணிக்கப்பட்ட கடைவீடுகளின் வெளிப்புறச் சீரமைப்பு மதிப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா உள்ளிட்ட வரலாற்றுப் பகுதிகளிலுள்ள கடைவீடுகள் 1989 முதல் சட்டப் பாதுகாப்பைப் பெற்றுள்ளன. நெடுங்காலம் பராமரிப்பின்றி விடப்பட்ட கடைவீடு ஒன்றைச் சீரமைக்க அனுமதி கோரப்படும்போது, அதன் வெளிப்புற மாற்றங்களை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பழுதுற்ற உறுப்பையும் முற்றிலும் அழிந்த உறுப்பையும் பிரித்தறிவதே மதிப்பாய்வின் மையப் பணி என்றும், அப்பிரிப்பு தவறினால் புறக்கணிப்பே இடிப்புக்கான வழியாகிவிடும் என்றும் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கடைவீடு, அஞ்சடி, பாதுகாப்புப் பகுதி, வாடகைக் கட்டுப்பாடு, சுண்ணாம்புச் சாந்து, மதிப்பாய்வு

முன்னுரை

மரபுக் கட்டடங்களைக் காக்கும் சட்டங்கள் பொதுவாக மாற்றத்தைக் கட்டுப்படுத்துபவை. உரிமையாளர் ஒரு சன்னலை மாற்றவோ கூரையை உயர்த்தவோ விரும்பினால் அனுமதி பெற வேண்டும். ஆனால் கூரை ஒழுகி, உத்திரம் உளுத்து, காரை உதிர்வதற்கு எவரும் அனுமதி கேட்பதில்லை. இவ்வகை மாற்றம் பல ஆண்டுகள் நடந்து முடிந்த பின்னரே கட்டடம் மதிப்பாய்வாளரின் மேசைக்கு வருகிறது. எனவே புறக்கணிக்கப்பட்ட வீட்டின் மதிப்பாய்வு, நல்ல நிலையிலுள்ள வீட்டின் மதிப்பாய்விலிருந்து வேறுபட்டதாக இருத்தல் வேண்டும்.

கடைவீட்டின் அமைப்பு

கடைவீடு என்பது குறுகிய முகப்பும் நீண்ட உள்நீளமும் கொண்ட, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று தளங்களையுடைய கட்டடம். கீழ்த்தளம் வணிகத்திற்கும் மேல்தளம் குடியிருப்புக்கும் பயன்பட்டன. அடுத்தடுத்த வீடுகள் செங்கல் பொதுச்சுவர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. தளத்தைத் தாங்கும் மர உத்திரங்களின் முனைகள் அச்சுவர்களுக்குள் பதிந்துள்ளன. நடுவிலுள்ள திறந்த முற்றம் ஒளியும் காற்றும் தருகிறது.

முகப்பின் கீழே தொடர்ந்து செல்லும் நிழல் வழியே ஐந்தடிப் பாதை; தமிழர் வழக்கில் அது அஞ்சடி. செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படும் வீடுகள் ஒரே சீரான முகப்பும், எந்நேரமும் திறந்திருக்கும் தொடர் தாழ்வாரமும் கொண்டிருக்க வேண்டும் என்று ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகர அமைப்பு நெறி இதன் தொடக்கம். ஆகவே கடைவீட்டின் முகப்பு ஒரு தனி உரிமையாளரின் உடைமையாக இருந்தாலும், அது தெரு முழுவதற்கும் உரிய வரிசை ஒன்றின் உறுப்பாகும். ஒரு வீடு சிதைந்தால் அவ்வரிசை அறுகிறது. அதன் கூரை வீழ்ந்தால் மழைநீர் அண்டை வீட்டின் சுவரையும் நனைக்கிறது.

புறக்கணிப்பின் காரணங்கள்

கடைவீடுகளின் சிதைவை உரிமையாளரின் அலட்சியமாக மட்டும் கருதுவது பொருந்தாது. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்கு முந்தைய வாடகையை அடிப்படையாகக் கொண்டு பழைய கட்டடங்களின் வாடகையை வரம்பிட்டது. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் அது ஏழைக் குடியிருப்பாளர்களைக் காத்தது. அதே வேளையில், கிடைக்கும் வாடகை பழுதுபார்ப்புச் செலவுக்கும் போதாத நிலை உருவாயிற்று. அறைகள் பல தடுப்புகளாகப் பிரிக்கப்பட்டு உள்வாடகைக்கு விடப்பட்டன, நெரிசல் மிகுந்தது. இச்சட்டம் 2001இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. இதற்கிடையில் நகரப் புதுப்பிப்புத் திட்டங்களின்கீழ் பல கடைவீட்டு வரிசைகள் இடிக்கப்பட்டன. எஞ்சிய வீடுகளுக்கும் இடிப்பு எந்நேரமும் வரலாம் என்ற நிலையில், அவற்றில் முதலீடு செய்ய உரிமையாளருக்குத் தூண்டுதல் இருக்கவில்லை.

பாதுகாப்பு நெறிகள்

1989 சூலை 7 அன்று லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ உள்ளிட்ட பகுதிகள் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இன்று பாதுகாக்கப்படும் கட்டடங்கள் 7,000-க்கும் மேற்பட்டவை. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டல் மூன்று நெறிகளைக் கொண்டது: இயன்றவரை தக்கவைத்தல், நுட்பமாக மீட்டெடுத்தல், கவனமாகப் பழுதுபார்த்தல். இவ்வரிசைமுறை கருதத்தக்கது, புதிதாக அமைத்தல் என்பது இம்மூன்றில் ஒன்றாக இடம்பெறவில்லை.

வரலாற்றுப் பகுதிகளில் முகப்பை மட்டும் நிறுத்தி உட்பகுதியை இடித்துக் கட்டுதல் ஏற்கப்படுவதில்லை. கூரை, பொதுச்சுவர், மரத்தளம், படிக்கட்டு, முற்றம், சன்னல் ஆகியவை அனைத்தும் காக்கப்பட வேண்டிய உறுப்புகள். எமரல்ட் ஹில் போன்ற குடியிருப்பு வரலாற்றுப் பகுதிகளில் முதன்மைக் கூரையைவிடத் தாழ்வான பின்புற விரிவாக்கம் அனுமதிக்கப்படுகிறது. வெளிப்புறம் என்பது தெருவில் நின்று காணும் தோற்றம் மட்டுமன்று என்பதை இந்நெறிகள் உணர்த்துகின்றன.

மதிப்பாய்வில் சிதைவும் இழப்பும்

புறக்கணிக்கப்பட்ட வீட்டில் ஒவ்வோர் உறுப்பும் மூன்று நிலைகளுள் ஒன்றில் இருக்கும்: அழுக்கேறியும் முழுமையாக இருப்பது, பகுதி சிதைந்தது, முற்றிலும் மறைந்தது. முதலாவதற்குத் தூய்மையும், இரண்டாவதற்குப் பழுதுபார்ப்பும், மூன்றாவதற்குச் சான்றின் அடிப்படையிலான மறுவமைப்பும் உரியன. "வீடு பாழடைந்துவிட்டது, அனைத்தையும் மாற்ற வேண்டும்" என்னும் விண்ணப்பம் இம்மூன்றையும் ஒன்றாக்குகிறது. எனவே வரைபடத்தை ஆராயும் முன்னர், உறுப்புவாரியான நிலைப் பதிவைக் கோருவதே மதிப்பாய்வின் முதற்படியாக வேண்டும்.

மரச் சன்னல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சாய்தகட்டுக் கதவுகளின் அடிச்சட்டத்தில் நீர் தங்குவதால் அப்பகுதியே முதலில் உளுக்கும். மேற்சட்டமும் தகடுகளும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். உளுத்த பகுதியை வெட்டி, அதே இன மரத்தை ஒட்டுச் சேர்ப்பது தச்சர்க்கு இயல்பான வேலை. அலுமினியச் சன்னல் பொருத்துவதற்கு அடிச்சட்டத்தின் உளுப்பு காரணமாகாது.

சுவர்ப் பூச்சில் தவறு எளிதில் நேர்கிறது. பழைய மென்செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தால் பூசப்பட்டது. சுவருள் ஏறும் ஈரம் அப்பூச்சின் வழியே வெளியேறும். உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும்; உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். புதிதாகப் பூசிய முகப்பு தொடக்கத்தில் அழகாகத் தோன்றினாலும், சில ஆண்டுகளில் முன்னிலும் மோசமான சேதத்தை வெளிப்படுத்தும். ஆகவே பூச்சின் தோற்றத்தோடு அதன் பொருளும் மதிப்பாய்வுக்கு உட்பட்டதாகும்.

முகப்பின் காரை வேலைப்பாடுகளைப் பொறுத்தவரை, வெடிப்பில் வேரூன்றிய ஆல, அரசக் கன்றுகளைக் கண்மூடித்தனமாகப் பிடுங்குதல் எஞ்சிய பகுதியையும் பெயர்த்துவிடும். வேரைப் பட்டுப்போகச் செய்து படிப்படியாக அகற்றுவதே முறை. முற்றிலும் மறைந்த மலர்க்கோலத்தை மீண்டும் அமைக்கப் பழைய நிழற்படமோ, அதே வரிசையில் ஒரே காலத்தில் கட்டப்பட்ட அண்டை வீட்டின் முழுமையான உறுப்போ சான்றாகலாம். சான்று இல்லாதபோது எளிய பூச்சோடு நிறுத்துவதே நேர்மையானது. இல்லாத அலங்காரத்தைக் கற்பனையால் சேர்ப்பது, இருந்ததை அழிப்பதற்கு இணையான பிழை.

வண்ணம் இவற்றிலிருந்து வேறுபட்டது, அது மாற்றத்தக்கது. பழைய பூச்சு அடுக்குகளைச் சுரண்டிப் பதிவுசெய்த பின்னர், இதில் உரிமையாளருக்கு நெகிழ்வு அளிக்கலாம். மீளப்பெற இயலாத உறுப்புகளுக்கே கண்டிப்பு தேவை.

மதிப்பாய்வின் வரம்பு

இத்தனை நுட்பமும் விண்ணப்பம் வந்த பின்னரே செயற்படுகிறது என்பது அடிப்படைக் குறை. சிங்கப்பூரில் 2022 முதல் நடைமுறையிலுள்ள காலமுறை முகப்பு ஆய்வு, 13 மீட்டருக்கு மேல் உயரமும் 20 ஆண்டுக்கு மேல் வயதும் உடைய கட்டடங்களுக்கு உரியது. இருதளக் கடைவீடுகள் பெரும்பாலும் இவ்வுயரத்தை எட்டுவதில்லை. கூரையின் பெயர்ந்த ஓடுகளை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் உத்திரங்கள் பிழைத்திருக்கும். அந்த எளிய வேலையைத் தூண்டும் வழி மதிப்பாய்வில் இல்லை. மேலும், சீரமைப்புச் செலவு உயரும்போது வாடகையும் உயர்கிறது. முகப்பு மீளும் இடத்தில் அதன்கீழ் வாழ்ந்த சிறுவணிகம் மீள்வதற்கு உறுதியில்லை.

முடிவுரை

சிதைந்தது அனைத்தையும் இழந்ததாக ஏற்கும் மதிப்பாய்வு, பராமரிக்காத உரிமையாளருக்கு நல்ல பராமரிப்பாளருக்குக் கிடைக்காத சலுகையை வழங்குகிறது. ஓட்டையும் சன்னலையும் காலந்தோறும் பழுதுபார்த்தவர் பழைய வீட்டோடு கட்டுண்டிருக்க, மழைக்கு விட்டவர் புதிய வீட்டைப் பெறுகிறார். இம்முரணைத் தவிர்க்க மூன்று நடைமுறைகள் உதவும்: உறுப்புவாரியான நிலைப் பதிவு, மறுவமைப்புக்குச் சான்று கோரல், விண்ணப்பத்திற்குக் காத்திராத காலமுறைக் கூரை ஆய்வு. இவற்றுள் மூன்றாவதே மிகக் குறைந்த செலவுடையது. முதலிரண்டின் தேவையைக் குறைக்கவல்லதும் அதுவே.