ஊர்ப்பெயரும் ஒப்பீட்டுப் பிழையும்

ஒரு நிரல் பலவகைக் கணினிகளில் இயங்க வேண்டுமாயின், ஆங்காங்கே முன்னரே அமைந்துள்ள நிரல் நூலகத்தைக் கண்மூடி நம்பலாகாது. சன்ஓஎஸ் 4.1.3 இயக்க முறைமையிலிருந்த ‘மெம்கம்ப்’ என்னும் ஒப்பீட்டுச் செயற்கூறு, 127-ஐ மிஞ்சிய எண்களைச் சரிவர ஒப்பிடவில்லை. ஆங்கில எழுத்துகள் யாவும் 127-க்குள் அடங்குவதால் அங்கே பிழை தலைகாட்டாது. எங்கள் ஊராகிய தாராசுரத்தை எழுதிப் பாருங்கள்! இன்றைய யுடிஎஃப்-8 முறையில் ‘த’ மட்டுமே 224, 174, 164 என மூன்று எண்கள். அத்தகைய செயற்கூற்றிடம் ஊர்ப்பட்டியலைக் கொடுத்தால், ஆங்கிலப் பெயர்களுக்குப் பின் நிற்க வேண்டிய தாராசுரம் முன்னே போய் நிற்கக்கூடும்.

1991-இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ‘ஆட்டோகான்ஃப்’ இதற்கு வழி கண்டது. அது உருவாக்கும் சோதனை கணினியின் பெயரை விசாரிப்பதில்லை (எனக்குப் பிடித்ததே இதுதான்). நிரலைத் தொகுக்குமுன் 64, 128, 129 ஆகிய எண்களைக் கொடுத்து ஒப்பிடச் சொல்கிறது. விடை பிசகினால், நிரலாசிரியர் உடனனுப்பிய மாற்றுச் செயற்கூறு சேர்க்கப்படும்.