கரையில் நின்ற தாய்



பிள்ளை வளர்வதைப் பெற்றோர் நாள்தோறும் காண்கின்றனர். ஆயினும், அவன் வளர்ந்துவிட்டான் என்பதை அவன் வீட்டை விட்டுப் புறப்படும் நாளிலேயே முழுமையாக உணர்கின்றனர். எமது நாட்டில் 1983இற்குப் பின்னர் உயிரைக் காத்துக்கொள்ளவும், 2022இன் பொருளாதார நெருக்கடியை அடுத்துப் பிழைப்பைத் தேடவும் பிள்ளைகள் புறப்பட்டுப் போன வீடுகள் பல. அவ்வீடுகளில் எஞ்சியிருக்கும் பெற்றோரின் உள்ளத்தை நன்கறிந்த ஒரு தாய் திருச்சபையின் வரலாற்றில் உண்டு. அவரே புனித மோனிக்கா.

வட ஆபிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் அமைந்திருந்த தகாஸ்தே நகரில் 354ஆம் ஆண்டு அவருடைய மகன் அகுஸ்தீன் பிறந்தார். கல்வியின் பொருட்டு மகன் கார்த்தேஜ் நகருக்குச் சென்ற காலப்பகுதியிலேயே தந்தை பத்ரீசியு இறந்தார். அங்கே மகன் தாயின் நம்பிக்கையைத் துறந்து, மனிக்கேய சமயத்தைத் தழுவினார். மனம் நொந்த மோனிக்கா சிறிது காலம் அவரைத் தம் வீட்டில் உணவருந்தவும் அனுமதிக்கவில்லை. பின்னர் ஒரு கனவினால் ஆறுதலடைந்து மீண்டும் ஏற்றுக்கொண்டார்.

383ஆம் ஆண்டு அகுஸ்தீன் உரோமைக்குச் செல்லத் தீர்மானித்தார். தாய் கடற்கரைவரை பின்தொடர்ந்து சென்று, ‘ஒன்றில் என்னுடன் திரும்பி வா, அன்றேல் என்னையும் அழைத்துச் செல்’ என மன்றாடினார். நண்பர் ஒருவரை வழியனுப்பவே வந்திருப்பதாக மகன் பொய் கூறினார். அதனை நம்பிய தாய், புனித சிப்ரியானின் நினைவாலயத்தில் அன்றிரவைக் கண்ணீரோடும் செபத்தோடும் கழித்தார். காற்று வீசியது, கப்பல் பாய் விரித்தது. காலையில் கரைக்கு வந்த தாய் மகனைக் காணாது கதறினார்.

இந்நிகழ்வை நாம் அறிவது அம்மகனின் வாயிலாகவே. பிற்காலத்தில் ஆயராகி எழுதிய ‘அறிக்கைகள்’ என்னும் நூலில் தம் பொய்யை அவர் மறைக்கவில்லை. அதே வேளையில், மகனைத் தம்மருகே வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை மற்றத் தாய்மாரைவிடத் தம் தாயிடம் மிகுந்திருந்தது எனவும் குறிப்பிடுகிறார்.

அன்றிரவு மோனிக்கா கேட்டது என்ன? மகன் கப்பலேறக் கூடாது என்பதே. இறைவன் அவ்வேண்டுதலுக்குச் செவிசாய்க்கவில்லை. ஆனால் அக்கப்பற் பயணமே அகுஸ்தீனை உரோமைக்கும், அங்கிருந்து மிலான் நகருக்கும், ஆயர் அம்புரோசியாரிடமும் கொண்டு சேர்த்தது. 387ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில் அவ்வாயரின் கரங்களால் அவர் திருமுழுக்குப் பெற்றார். தாய் எந்நாளும் கேட்டு வந்ததை அருளும்பொருட்டே, அன்று கேட்டதை இறைவன் மறுத்தார் என்பது அகுஸ்தினாரின் சாட்சியம்.

இக்காலத்தில் தாயும் மாறினார். மகனைத் தேடிக் கடல் கடந்தபோது, ஆபத்தில் கலங்கிய மாலுமிகளுக்கு ஆறுதல் கூறினார். மிலானில், மறைசாட்சியரின் கல்லறைகளுக்கு உணவுப் படையல் கொண்டு செல்லும் தமது ஊர் வழக்கத்தை அம்புரோசியார் தடைசெய்திருப்பதை அறிந்ததும், மறுபேச்சின்றிக் கைவிட்டார். இறுதியில், ஊர் திரும்பக் கப்பலுக்காக ஒஸ்தியாத் துறைமுகத்தில் காத்திருந்தபோது, தம் 56ஆவது வயதில் நோயுற்றார். சொந்த ஊரில் கணவரின் அருகே தமக்கென ஒரு கல்லறையை ஆயத்தம் செய்து வைத்திருந்த அவர், தம் உடலை எங்கேனும் அடக்கம் செய்யுமாறும், திருப்பீடத்தில் தம்மை நினைவுகூருமாறும் மட்டுமே கேட்டுக்கொண்டார். மகன் ஊரைவிட்டுப் போகக் கூடாதென அழுதவர், தாம் ஊர்போய்ச் சேரவேண்டும் என்ற ஆசையையும் இறைவனிடம் விட்டுவிட்டார்.

பெற்றோரே, தாய் மீது பேரன்பு கொண்டிருந்த 28 வயது மகன் ஏன் பொய் சொன்னார் என்று சிந்தித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் அக்கண்ணீரைத் தாண்டிப் போக முடியாதென அஞ்சியிருக்கலாம் அல்லவா? இன்றும் தொலைவிலிருந்து பேசும் மகன், வேலை இழந்ததையும், கடன்பட்டதையும், தன் மனத்திற்குப் பிடித்தவளையும் வீட்டாரிடம் மறைப்பதுண்டு. ‘சுகமாக இருக்கிறேன்’ என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்கிறான். எமது அழுகையும் கோபமும் அவன் வாயை அடைத்துவிட்டனவா? அவன் சொல்லப்போவதை முழுமையாகக் கேட்கும் பொறுமை எம்மிடம் உண்டா? அழுவது தவறன்று, மோனிக்காவும் அழுதார். ஆயினும் அக்கண்ணீர் மகனைக் கட்டும் கயிறாகாமல், இறைவன் முன் வைக்கும் காணிக்கையாக மாறவேண்டும்.

பிள்ளைகளே, நீங்கள் புறப்பட்டுச் செல்வது பாவமன்று. ஆனால் கரையில் நிற்கும் தாய்க்கு ஓர் உண்மைச் சொல்லையாவது விட்டுச் செல்லுங்கள். உங்கள் துன்பத்தை அறிந்துகொள்வதைவிட, அறியாமல் இருப்பதே அவளுக்குப் பெருந்துன்பம்.

ஓகஸ்ட் 27ஆம் திகதி புனித மோனிக்காவையும், மறுநாள் புனித அகுஸ்தினாரையும் திருச்சபை நினைவுகூருகின்றது. அன்றிரவு கடல் பிரித்த தாயும் மகனும் திருவழிபாட்டு நாட்காட்டியில் அடுத்தடுத்து நிற்கின்றனர். தூரதேசத்தில் இருக்கும் உங்கள் மகனின் பெயரைச் சொல்லி, இன்றிரவு செபியுங்கள். ‘அவனைத் திருப்பி அனுப்பும்’ என்று கேட்பதற்கு முன்னர், ‘அவன் இருக்கும் இடத்தில் அவனோடு இரும்’ என்று கேளுங்கள்.