குழுவில் நமக்குரிய மூன்று இடங்கள்

ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று நம் ஆட்சியர் அலுவலகங்களில் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு உறுதிமொழி வாசிக்கப்படுகிறது. அலுவலர்கள் வரிசையாக நின்று கையை நீட்டி உறுதி ஏற்கிறார்கள், மறுநாள் நாளிதழில் படம் வருகிறது. 1976இல் அந்த நாளில்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் சேரிகளிலிருந்தும் இருளர் குடியிருப்புகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் சவுக்கு மரம் வெட்டவும் ஏற்றிச் செல்லப்படுவது நிற்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. வீட்டில் சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று கை முடங்கிக் கிடக்கும் நேரம் பார்த்து மேஸ்திரி வருகிறார். முன்பணம் தருகிறார். போய்ச் சேர்ந்த இடத்தில் கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கிறது. வாரச் செலவுக்குக் கொடுத்தது, மழையில் கரைந்த கல்லுக்குப் பிடித்தது எல்லாம் கடன் பக்கத்தில் ஏறுகிறது. சீசன் முடியும்போது வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. ஒருவர் ஊருக்குப் போக வேண்டுமென்றால் இன்னொருவர் அங்கேயே இருக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

‘பிழைக்கப் போயிருக்கிறார்கள்’ என்று ஊரில் சொல்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இது மனிதக் கடத்தல். 2013இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவாக இருக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ, பணம் கொடுத்து ஆசை காட்டியோ, சுரண்டும் நோக்கத்தில் ஒருவரை வேலைக்குச் சேர்ப்பதும், ஏற்றிச் செல்வதும், தங்க வைப்பதும் குற்றம். ‘அவர்களாகத்தானே வந்தார்கள்’ என்ற பதில் செல்லாது, ஏனென்றால் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் எடுக்கப்படாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. தண்டனை குறைந்தது 7 ஆண்டு. ஒருவருக்கு மேற்பட்டோரைக் கடத்தினாலும், கடத்தப்பட்டவர் குழந்தையாக இருந்தாலும் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரை போகலாம்.

1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு, 2,000 ரூபாய் அபராதம். ஆனால் அந்தச் சட்டத்தில் நமக்கு வேறு பலம் உண்டு. கொத்தடிமைக் கடன் முழுவதும் ரத்தாகிறது. கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. மூன்றாவதாக, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவு, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் கொத்தடிமை வேலை வாங்குவதை வன்கொடுமை என்கிறது. அதில் வழக்குப் பதிந்தால் முதல் தகவல் அறிக்கை நிலையிலேயே நிவாரணத்தில் ஒரு பகுதி கிடைக்க வேண்டும். மீட்பு நடக்கும்போது இந்த மூன்று சட்டங்களும் முதல் தகவல் அறிக்கையில் இருக்கின்றனவா என்பதே நாம் பார்க்க வேண்டிய முதல் விஷயம். சிறிய தண்டனையுள்ள சட்டத்தை மட்டும் எழுதி முடித்துவிட்டால் மேஸ்திரி அடுத்த தையில் மறுபடி வருவார்.

இத்தனை சட்டங்கள் இருக்க, மாநிலத்துக்குத் தனிச் சட்டம் எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். இருக்கும் சட்டங்களில் மூன்று ஓட்டைகள் உள்ளன. ஒன்று, ஆள் எடுக்கும் மேஸ்திரி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மாட்டிக்கொண்டால் ‘அவரை எனக்குத் தெரியாது’ என்று முதலாளி கை கழுவிவிடலாம். இரண்டு, ஆள் எடுக்கப்படுவது ஒரு மாவட்டம், மீட்கப்படுவது இன்னொரு மாவட்டம். திருவள்ளூரிலோ செங்கல்பட்டிலோ நடக்கும் வழக்குக்கு, விழுப்புரத்துக் கிராமத்திலிருந்து அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வாய்தா வாய்தாவாகப் போக வேண்டும். சாட்சி சோர்ந்தால் வழக்கும் சோர்ந்துவிடும். மூன்று, மறுவாழ்வுத் தொகை. மத்திய அரசின் திட்டப்படி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் ரூபாய். மீட்கப்பட்டவுடன் கிடைப்பது 30,000 ரூபாய் வரையிலான உடனடி உதவி மட்டுமே. முழுத் தொகைக்கு வழக்கின் முடிவைப் பார்த்திருக்க வேண்டியுள்ளது. அந்த இடைவெளியில்தான் குடும்பம் திரும்பவும் முன்பணத்துக்குக் கை நீட்டுகிறது. மறுவாழ்வு இல்லாமல் விடுதலை மட்டும் தருவதில் பயனில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இலேயே சுட்டிக்காட்டியது.

டெல்லியிலிருந்து சட்டம் வரும் என்று காத்திருந்து பார்த்தாயிற்று. மனிதக் கடத்தல் தடுப்பு, பாதுகாப்பு, மறுவாழ்வு மசோதா 2018 ஜூலை 26 அன்று மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமலே, 2019இல் மக்களவையின் காலம் முடிந்ததும் காலாவதியானது. 2021இல் புதிய வரைவு ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். 2018 மசோதாவில் குறையும் இருந்தது. தண்டனைக்குக் கொடுத்த அழுத்தத்தை மீட்கப்பட்டவரின் உரிமைக்குக் கொடுக்கவில்லை, பெண்களை இல்லங்களில் அடைத்து வைப்பதே மறுவாழ்வு ஆகிவிடும் என்று பலரும் எதிர்த்தார்கள். நமக்கு வேண்டிய சட்டம் அப்படி இருக்கக் கூடாது.

குற்றவியல் சட்டமும் தொழிலாளர் நலமும் பொதுப்பட்டியலில் உள்ளவை. எனவே மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றலாம். மத்திய சட்டத்தோடு முரண்படும் இடத்தில் அரசமைப்பின் 254(2)ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். கந்துவட்டிக்கு எதிராக 2003இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்ததை நாம் அறிவோம். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராகப் பலமுறை மனுக் கொடுத்த ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டதையும் அறிவோம். சட்டம் இருந்தது, மனுவும் இருந்தது. அந்த மனுவை எடுத்துப் படித்து நடவடிக்கை எடுக்க வேண்டியவர் யார், எத்தனை நாளுக்குள் என்று கேட்க ஆளில்லாமல் போயிற்று.

ஆகவே நம் கோரிக்கை நாளும் பொறுப்பும் குறித்த சட்டமாக இருக்க வேண்டும். ஆள் எடுப்பவர் பெயர் பதிவு செய்யப்பட வேண்டும். அவர் கொடுக்கும் முன்பணத்துக்கும் செய்யும் கொடுமைக்கும் முதலாளியே பொறுப்பாக வேண்டும். மீட்ட 24 மணி நேரத்துக்குள் விடுதலைச் சான்றிதழ் கையில் தர வேண்டும். மறுவாழ்வுத் தொகை தீர்ப்புக்குக் காத்திராமல் வர வேண்டும். அதோடு மனைப்பட்டா, சாதிச் சான்று, ரேஷன் அட்டை, பிள்ளைக்குப் பள்ளி இடம் எல்லாம் சொந்த மாவட்டத்தில் தேதி குறித்துக் கிடைக்க வேண்டும். சாட்சி தன் ஊர் நீதிமன்றத்திலிருந்தே காணொலியில் சொல்ல வழி வேண்டும்.

இதற்கு அழுத்தம் கொடுக்கும் இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிப் பதியச் சொல்லலாம். அதன் நகலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, அவையில் கேள்வியாக எழுப்பச் சொல்லலாம். சட்டமுன்வடிவு வந்தால் அதோடு வேலை முடியாது. ஆளுநர் ஒப்புதல், அரசிதழ் அறிவிப்பு, நடைமுறைக்கு வரும் தேதி, அதன் கீழ் விதிகள் என்று ஒவ்வொரு படியிலும் அது தேங்கலாம். விதி வராத சட்டத்தைக் காட்டி வட்டாட்சியரிடம் எதையும் கேட்க முடியாது. கல்லூரி மாணவர்கள் ஒரு நோட்டுப் போட்டு இந்தப் படிகளைக் குறித்து வந்தாலே பெரிய உதவி.

அதுவரை இருக்கும் சட்டத்தில் நமக்குரியதை விட்டுவிடக் கூடாது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையிலும், ஒவ்வொரு கோட்டத்திலும் கோட்டாட்சியர் தலைமையிலும் விழிக்கண் குழு இருக்க வேண்டும். இரண்டிலும் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் மூவர் உறுப்பினராக இருந்தாக வேண்டும். உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 1995இல் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் மக்கள். அந்த மூன்று இடங்களைச் சட்டம் நமக்கு ஒதுக்கியதன் நியாயம் அதில் இருக்கிறது.

நம் மாவட்டக் குழுவில் அந்த மூவர் யார்? கடைசியாகக் குழு கூடியது எந்தத் தேதியில்? எத்தனை பேருக்கு விடுதலைச் சான்றிதழ் தரப்பட்டது, எத்தனை பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு இந்த நான்கு கேள்விகளை எழுதினால் 30 நாளில் பதில் வர வேண்டும். இடம் காலியாக இருந்தால், திங்கட்கிழமை குறைதீர் நாளில் சூளையிலிருந்து மீண்டு வந்த ஒரு பெண்ணின் பெயரை எழுதி, அவரை நியமிக்கக் கேட்டு மனுக் கொடுப்போம். கணக்கு நோட்டில் கடன் எப்படி வளரும் என்பதை அந்தக் குழுவுக்கு அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் வேறு யாருமில்லை.